எம்ஜிபி, கூப்பர் எஸ் டிஸ்ட்ரிபியூட்டர்: அறிகுறி பார்த்துப் பிழை திருத்தல்

எஞ்சின் கொஞ்சம் மக்கர் பண்ணினால் போதும், பிளக்குகளுக்கு வரிசையாகப் பொறியைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரின் கிளாம்ப் நட்டைத் தளர்த்தி அப்படி இப்படித் திருப்பிப் பார்ப்பது பட்டறைப் பழக்கம். திருப்பினதும் சத்தம் மாறும், ஐட்லிங் கூடும், திருந்திவிட்டது போலத் தெரியும். பழைய ஸ்போர்ட்ஸ் காரில் உண்மையான கோளாறு மறைவது அங்கேதான். தேய்ந்த புஷ் (ஷாஃப்டைத் தாங்கும் குழல்), இறுகிப்போன வெயிட் (வேகம் கூடும்போது விரிந்து பொறியை முந்தவைக்கும் எடை), உள்ளே அறுந்த எர்த் வயர் எதுவும் திருப்புவதால் சரியாகாது. டைமிங் வைப்பது, அதாவது பொறி எப்போது பாய வேண்டும் என்று சரிசெய்வது, கடைசி வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியவற்றைக் கீழே அறிகுறி வாரியாகப் பார்க்கலாம்.

இங்கே சொல்வது லூக்காஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டரைப் பற்றி. 1962இல் வந்த எம்ஜிபியில் 1970களின் நடுப்பகுதி வரை இருந்தது இதுதான். மினி கூப்பர் எஸ்ஸில் இருப்பது 23டி4. அதுவும் இதே குடும்பம். எஞ்சினின் உறிஞ்சலால் டைமிங்கை மாற்றும் வாக்கியூம் யூனிட்டும் பக்கத்தில் கிளிக் கிளிக் என்று சுழலும் நுண் சரிசெய் நட்டும் மட்டும் கிடையாது. இரண்டு எஞ்சினுக்கும் பற்றும் வரிசை 1-3-4-2. மேலிருந்து பார்த்தால் ரோட்டர் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். இந்த இரண்டையும் ஒரு துண்டில் எழுதி பொனட்டின் உட்புறத்தில் ஒட்டி வையுங்கள்.

தேவையான கருவிகள்: மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ், டுவெல் மீட்டர் (பொயின்ட் எத்தனை பாகை மூடியிருக்கிறது என்று காட்டுவது), ஸ்ட்ரோப் லைட் (பொறியோடு சேர்ந்து மின்னும் விளக்கு), 12 வோல்ட் பல்ப் ஒன்றுடன் இரண்டு வயர். இவற்றில் டுவெல் மீட்டரைத்தான் பலர் வாங்குவதில்லை. ஆனால் அதிக உண்மையைச் சொல்லும் கருவி அதுதான்.

செல்ஃப் அடிக்கிறது, பிளக்கில் பொறி இல்லை

கொயிலிலிருந்து வரும் நடு எச்டி (உயர் அழுத்த) வயரை டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கெப்பிலிருந்து இழுத்தெடுங்கள். காப்பிட்ட குறட்டால் பிடித்து எஞ்சின் புளொக்கிலிருந்து 6 மி.மீ. தள்ளி வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாகத் தடித்த பொறி பாய்ந்தால் கொயிலும், அதன் மின்சாரத்தை மூடித் திறக்கும் பொயின்ட்டும் நலம். கோளாறு ரோட்டர், கெப், பிளக் வயர்களில் இருக்கிறது. பொறியே இல்லை, அல்லது மஞ்சளாக மெலிந்து வருகிறது என்றால் எல்டி (தாழ் அழுத்த) பக்கம் போக வேண்டும்.

எல்டி பக்கத்துக்கு மல்டிமீட்டர் போதும். 1967 கடைசிக்கு முந்திய எம்ஜிபிகளும் 1969க்கு முந்திய மினிகளும் பொசிட்டிவ் எர்த், அதாவது பற்றரியின் பொசிட்டிவ் முனை காரின் உடலோடு இணைந்தவை. மீட்டர் வயர்களை மாற்றிப் பிடியுங்கள். பல கார்கள் பின்னாளில் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றப்பட்டவை. ஆகவே பற்றரியை நேரில் பார்த்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது. இக்னிஷன் போட்டு, பொயின்ட் மூடிய நிலையில், சுவிட்சிலிருந்து கொயிலுக்கு வரும் முனையை அளவுங்கள். பலாஸ்ட் (மின்னோட்டத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர்) இல்லாத கொயிலில் பற்றரி வோல்டேஜுக்கு அரை வோல்ட்டுக்குமேல் குறையக் கூடாது. பிறகு டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனை. பொயின்ட் மூடியிருந்தால் இங்கே 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் பொயின்ட் முகம் அழுக்கு, அல்லது உள்ளே எர்த் சரியில்லை.

புதுப் பொயின்ட் போட்ட உடனே பொறி நின்றுபோனால் முகத்தைப் பெற்றோலில் நனைத்த துணியால் துடையுங்கள். துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய் மின்சாரத்தை விடாது.

இப்போது பொயின்ட்டைக் கையால் திறந்து பிடியுங்கள். அந்த முனையில் முழுப் பற்றரி வோல்டேஜ் வர வேண்டும். சைபரிலேயே நின்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வயரைக் கொயிலில் கழற்றிவிட்டு மறுபடி அளவுங்கள். இப்போது வோல்டேஜ் வந்தால் ஷோர்ட் டிஸ்ட்ரிபியூட்டருக்குள். இப்போதும் வராவிட்டால் கொயிலின் முதன்மைச் சுற்று அறுந்திருக்கிறது.

உள்ளே ஷோர்ட் ஆகும் இடம் பெரும்பாலும் ஒன்றேதான்: பொயின்ட் ஸ்பிரிங்கைப் பிடிக்கும் சிறிய தூண். பொயின்ட் ஸ்பிரிங்கின் கண், எல்டி வயரின் கண், கொண்டென்சர் வயரின் கண் மூன்றும் ஒன்றையொன்று தொட வேண்டும். தூணையோ மேல் நட்டையோ தொடக் கூடாது. அதற்காகத்தான் அந்தப் பிளாஸ்டிக் தொப்பி வாஷர். அதை மேலே வைத்துவிட்டு வயர்க் கண்களை அதற்கும் நட்டுக்கும் நடுவில் செருகினால் மின்சாரம் நேரே எர்த்துக்குப் போய்விடும். கண்கள் வாஷரின் கழுத்தைச் சுற்றி, அதன் விளிம்புக்குக் கீழே உட்கார வேண்டும். வாஷர் சரியாக இருந்தால் கொண்டென்சரைக் கழற்றிப் பாருங்கள். ஷோர்ட் ஆன கொண்டென்சரும் இதே அறிகுறியைத்தான் தரும்.

இன்னும் பிடிபடாவிட்டால் பேஸ் பிளேட்டை அசையும் தட்டோடு இணைக்கும் சின்ன எர்த் பின்னலையும் உள் எல்டி வயரையும் சந்தேகியுங்கள். வாக்கியூம் யூனிட் தட்டை ஆட்ட ஆட்ட இவை உறைக்குள்ளேயே அறுந்துவிடும். வெளியே முழுசாகத் தெரியும். மீட்டரை மாட்டி, வயரை மெல்ல இழுத்து வளைத்துக்கொண்டே அளவுங்கள். மாற்றும்போது நூலிழையாகப் பல இழை கொண்ட மெல்லிய வயரைப் போடுங்கள். சாதாரண வயரிங் கம்பி விறைத்து நின்று தட்டின் அசைவைத் தடுக்கும். சில மாதத்தில் அதுவும் அறும்.

எச்டி பக்கக் கோளாறு என்றால் முதல் சந்தேகம் ரோட்டர். நடு வயரின் முனையை ரோட்டரின் பித்தளைக்கு மேல் 3 மி.மீ. உயரத்தில் பிடித்து செல்ஃப் அடியுங்கள். பொறி ரோட்டருக்குப் பாய்ந்தால் ரோட்டர் உள்ளூடாக ஷாஃப்டுக்கு எர்த் ஆகிறது. நல்ல ரோட்டரில் பாய இடமில்லை. மலிவான ரோட்டர்களில் பித்தளையைப் பிடிக்கும் ரிவெட் அடியில் ஷாஃப்டுக்கு மிக நெருக்கமாக இறங்கியிருக்கும். கசிவு அங்கேதான் தொடங்கும். ரிவெட் இல்லாமல் வார்த்த சிவப்பு ரோட்டர் கிடைத்தால் இரண்டு வாங்கி ஒன்றைக் காரில் போட்டு வையுங்கள்.

பொறி உண்டு, ஆனால் உதைக்கிறது அல்லது கார்ப்பில் வெடிக்கிறது

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிப் பூட்டிய பிறகு இப்படி என்றால், 180 பாகை மாறிப் பூட்டியிருக்கிறது அல்லது பிளக் வயர் வரிசை கடிகாரத் திசையில் போடப்பட்டிருக்கிறது. டெப்பெட் கவரைக் கழற்றி நாலாம் சிலிண்டரின் இரண்டு வால்வையும் பாருங்கள். ஒன்று மூடிக்கொண்டே மற்றது திறக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் முதலாம் சிலிண்டர் பற்றும் நிலையில் நிற்கிறது. அப்போது ரோட்டர் காட்டும் முனைதான் ஒன்றாம் வயர். அங்கிருந்து எதிர்த்திசையில் 1, 3, 4, 2.

கீழே எஞ்சினோடு கோக்கும் டொக்கின் நாக்கு நடுவில் இல்லை, ஒரு பக்கம் தள்ளியிருக்கும். ஆகவே டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினுக்குள் ஒரே மாதிரித்தான் இறங்கும். ஆனால் டொக்கைக் கழற்றி மறுபக்கமாகப் பின் அடித்திருந்தால், அல்லது பொயின்ட்டைத் தள்ளித் திறக்கும் கேமை ஷாஃப்டில் திருப்பிப் போட்டிருந்தால், எல்லாம் சரியாக இறங்கியும் 180 பாகை பிழைக்கும்.

கழற்றாமலே உதைத்தால், அதாவது செல்ஃப் ஒரு சுற்று சுற்றிவிட்டு முட்டி நின்றால், அட்வான்ஸ் (பொறி முந்தி வரும் அளவு) கூடிவிட்டது. வெயிட் ஸ்பிரிங் அறுந்தோ வெயிட் விரிந்த நிலையில் இறுகியோ இருக்கும். ரோட்டரை அது சுற்றும் திசையில் கையால் திருகி விடுங்கள். சட்டென்று திரும்பி வர வேண்டும். வராவிட்டால் வெயிட்களைப் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

மழையில் நிற்கிறது

மினியில் டிஸ்ட்ரிபியூட்டர் கிரில்லுக்கு நேர் பின்னால். தென்மேற்குப் பருவ மழையில், கொழும்பு – காலி வீதியில் முன்னால் போகும் பஸ் வாரி அடிக்கும் தண்ணீர் நேரே கெப்பில்தான் விழும். எம்ஜிபியில் இது பக்கவாட்டில் மறைந்திருப்பதால் தொல்லை குறைவு.

கெப்பைக் கழற்றி உள்ளும் வெளியும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு வெயிலில் பிடித்துப் பாருங்கள். முனைக்கும் முனைக்கும் நடுவில், அல்லது முனையிலிருந்து விளிம்புக்கு, பென்சில் கோடு போல மெல்லிய கருங்கோடு ஓடினால் அது கரித் தடம். மின்சாரத்துக்கு வழி பழகிவிட்டது. சுரண்டினாலும் திரும்ப வரும், கெப்பை மாற்றுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் கடற்பக்கம் நிற்கும் கார்களில் உப்புப் படலம் ஏறுவதால் இந்தத் தடம் சீக்கிரம் விழுகிறது. மாதம் ஒரு தரம் துடைத்தால் வராது. நீர் விரட்டும் ஸ்பிரேயை வழியில் அவசரத்துக்கு அடிக்கலாம். ஆனால் காய்ந்ததும் அதன் பிசுபிசுப்பில் தூசி ஒட்டும். வீட்டுக்கு வந்ததும் கழுவித் துடைத்துவிடுங்கள்.

கெப்பின் நடுவில் உள்ள கரித் துண்டு ஸ்பிரிங்கில் சுலபமாக உள்ளே போய் வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மினிக்கு கெப்பையும் வயர் முனைகளையும் மூடும் ரப்பர் உறை உண்டு. கிரில்லுக்குப் பின்னால் பிளாஸ்டிக் மறைப்பும் வேண்டும். இரண்டையும் போட்டால் முழங்கால் தண்ணீரில் இறக்காதவரை பிரச்சினை இல்லை.

சூடேறியதும் மிஸ் அடிக்கிறது, ஆறினால் ஓடுகிறது

கொண்டென்சர், கொயில். இந்த வரிசையில்.

கொண்டென்சர் பலவீனமானால் பொயின்ட் திறக்கும்போது அங்கேயே நீலத் தீப்பொறி பளிச்சிடும். இரவில் கெப்பைக் கழற்றி செல்ஃப் அடித்தால் கண்ணுக்குத் தெரியும். பொயின்ட்டின் ஒரு முகத்தில் குழியும் மறு முகத்தில் மேடும் சீக்கிரம் விழும். 25டி4க்கு 0.18 முதல் 0.24 மைக்ரோஃபாரட் வேண்டும். குளிரில் அளந்து நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். ஹெயர் டிரையரால் சூடாக்கிக்கொண்டே அளவுங்கள். இப்போது கிடைக்கும் புதுக் கொண்டென்சர்களின் தரம் ஒரே சீராக இல்லை. நன்றாக ஓடும் பழைய கொண்டென்சரை, சேர்விஸ் என்ற பெயரில் பொயின்ட்டோடு சேர்த்துக் கழற்றி எறிய வேண்டாம்.

கொயிலின் முதன்மைச் சுற்றை அளவுங்கள். பலாஸ்ட் இல்லாத வகைக்கு 3 ஓமுக்குச் சற்றுக் கூட. 1.5 ஓம் காட்டினால் அது பலாஸ்ட் ரெசிஸ்டரோடு போட வேண்டிய கொயில். ரெசிஸ்டர் இல்லாமல் அதைப் போட்டால் மின்னோட்டம் இருமடங்காகும். பொயின்ட் கருகும், கொயில் கை வைக்க முடியாமல் கொதிக்கும். பொயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரோனிக் மொடியூல் போட்டவர்களுக்கும் இதே எச்சரிக்கை: கொயில் ஓம் குறைந்தால் மொடியூல் எரியும்.

கொயிலின் முனைத் திசையையும் பாருங்கள். பிளக்கின் நடு முனைக்கு நெகட்டிவ் போக வேண்டும். நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிய காரில் கொயில் வயரை மாற்ற மறந்திருப்பார்கள். எஞ்சின் ஓடும், ஆனால் பொறிக்கு அதிக வோல்டேஜ் தேவைப்பட்டு, சூட்டிலும் உயர் சுழற்சியிலும் மிஸ் வரும்.

கொழும்பு நெரிசலில் நின்று நின்று போனபிறகு மட்டும் வரும் தடுமாற்றம் பெற்றோல் ஆவியாவதாகவும் இருக்கலாம். மிஸ் அடிக்கும் நேரத்திலேயே ஸ்ட்ரோப் லைட்டை நடு எச்டி வயரில் மாட்டிப் பாருங்கள். ஒளி விட்டு விட்டு வந்தால் மின் கோளாறு. ஒளி சீராக இருக்க எஞ்சின் மட்டும் தடுமாறினால் கார்ப்பையும் பெற்றோல் பைப்பையும் பாருங்கள்.

ஸ்ட்ரோப்பில் குறி நடனம் ஆடுகிறது

டைமிங் குறி ஓரிடத்தில் நிற்காமல் நாலைந்து பாகைக்கு அங்குமிங்கும் துள்ளினால் டைமிங் வைக்கவே முடியாது. எந்த அளவுக்கு வைத்தாலும் ஒரு சிலிண்டருக்கு முந்தியும் இன்னொன்றுக்குப் பிந்தியும் பற்றும். டுவெல் மீட்டரை மாட்டுங்கள். ஐட்லிங்கில் 60 பாகை காட்டுவது 2500 சுழற்சியில் 3 பாகைக்குமேல் மாறினால் ஷாஃப்ட் புஷ் தேய்ந்துவிட்டது. இன்னொரு சோதனை: நாலு கேம் மேட்டிலும் பொயின்ட் இடைவெளியைத் தனித்தனியாக அளவுங்கள். 2 தௌவுக்குமேல் (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்திலொன்று) வித்தியாசம் வந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது அல்லது கேம் தேய்ந்திருக்கிறது. இரண்டும் சரி, குறி மட்டும் துள்ளுகிறது என்றால் டைமிங் செயினின் தளர்வு. அது எஞ்சின் முன் கவரைத் திறக்கும் வேலை.

புஷ் மாற்றுவது நாள் வேலை. கழற்றுமுன் ரோட்டரின் பள்ளம் எந்தப் பக்கம், டொக்கின் நாக்கு எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்று படமெடுத்து, டொக்கிலும் ஷாஃப்டிலும் ஒரே நேர்கோட்டில் குறி கீறுங்கள். பிறகு பொயின்ட், கொண்டென்சர். பேஸ் பிளேட்டின் இரண்டு ஸ்குரூவைக் கழற்றி, வாக்கியூம் யூனிட்டின் கொக்கியை விடுவித்துத் தட்டை எடுங்கள். வாக்கியூம் யூனிட்டை எடுக்க அதன் முனையிலுள்ள சின்ன சேர்க்ளிப்பைக் கழற்றி நுண் நட்டை முழுதாகச் சுற்றி எடுக்க வேண்டும். உள்ளே சுருள் ஸ்பிரிங்கும், கிளிக் சத்தம் தரும் மெல்லிய தட்டை ஸ்பிரிங்கும் பறக்கும். ஒரு துணியை விரித்துவிட்டு அதன்மேல் வேலை செய்யுங்கள்.

வெயிட் ஸ்பிரிங் இரண்டும் ஒரே மாதிரி இல்லை. எது எந்தத் தூணில் என்று எழுதி வைத்து, நீட்டாமல் கழற்றுங்கள். கேமின் நடு ஸ்குரூவைக் கழற்றிக் கேமை எடுத்தபின், டொக்கின் பின்னைச் சரியான பஞ்சால் தட்டி வெளியே எடுங்கள். அதன் முனை தட்டி விரிக்கப்பட்டிருக்கும். முதலில் அதை அரம் கொண்டு சமன் செய்யாவிட்டால் டொக் வெடிக்கும். ஷாஃப்டை மேல் பக்கமாக இழுக்குமுன் அதன் கீழ் விளிம்பில் பிசிறு இருந்தால் எமரித் தாளால் நீவுங்கள். இல்லாவிட்டால் புஷ்ஷைக் கீறிக்கொண்டு வரும்.

இப்போது ஷாஃப்டை மைக்ரோமீட்டரால், புஷ் உரசும் இடத்திலும் உரசாத இடத்திலும் அளவுங்கள். ஷாஃப்டே தேய்ந்திருந்தால் புதுப் புஷ் மட்டும் பயன் தராது. ஹார்ட் குரோம் ஏற்றி அரைத்தெடுக்கலாம். இல்லாவிட்டால் இன்னொரு 25டி4இன் ஷாஃப்டை எடுக்கலாம். மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் போன்றவற்றில் இருந்ததும் இதே வகை. கொழும்பில் பழைய பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் தேடினால் அகப்படும். நீளத்தையும் வெயிட் தட்டையும் ஒப்பிட்டு ஷாஃப்டை மட்டும் எடுங்கள். கேமும் ஸ்பிரிங்கும் உங்கள் பழையவையாகவே இருக்கட்டும். காரணம் பின்னால்.

புஷ் நுண்துளை கொண்ட சின்டர் வகை. ஒயிலை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுகிறது. பூட்டுமுன் சுத்தமான எஞ்சின் ஒயிலில் 24 மணி நேரம் ஊற வையுங்கள். அவசரமென்றால் ஒயிலை 100 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி 2 மணி நேரம் வைத்து, ஒயிலிலேயே ஆறவிட்டு எடுங்கள். ஷாஃப்டின் பருமனுக்கு மினுக்கிய மென்ட்ரலில் (உருண்டைத் தண்டில்) செருகி நேராக அமுக்கி இறக்க வேண்டும். ஷாங்கில் ஒயில் வடிகால் துளை இருந்தால் அதனூடாகப் புஷ்ஷிலும் துளையிடுங்கள்.

ஷாஃப்ட் இறுக்கமாக இருக்கிறதென்று ரீமர் (துளையை அகலிக்கும் கருவி) போடாதீர்கள். லூக்காஸ் திட்டவட்டமாக விலக்கிய வேலை அது. ரீமர் அந்த நுண்துளைகளை அடைத்துவிடும். பிறகு ஒயில் வராது, புதுப் புஷ்ஷும் சீக்கிரமே போய்விடும். ஷாஃப்டை ஒயிலிட்டு லேத்தில் மெதுவாகச் சுழற்றி, நெருக்கம் தளரும்வரை பழக்குங்கள். ஆமர் வீதிப் பக்கத்து லேத் பட்டறைகளில் வெண்கலக் கம்பியிலிருந்து புஷ் கடைந்து தருகிறோம் என்பார்கள். அளவு துல்லியமாகவே வரும். ஆனால் அதில் ஒயில் தேங்க இடமில்லை. ஒயில் பள்ளம் வெட்டாமல் போட்டால் கீச்சிட்டுப் பிடித்துவிடும்.

திரும்பப் பூட்டும்போது டொக்குக்கு மேலுள்ள வாஷரைப் புதுசாகப் போட்டு, கீறின குறியைப் பார்த்துப் பின்னை அடித்து முனையை விரித்து விடுங்கள். பேஸ் பிளேட்டின் அசையும் தட்டு மேலும் கீழும் ஆடினால் அதையும் மாற்றுங்கள். ஷாஃப்ட் எவ்வளவு நேராக இருந்தாலும் தட்டு சாய்ந்தால் பொயின்ட் இடைவெளி மாறும்.

ஐட்லிங் இறங்க மறுக்கிறது. அல்லது மேல் சுழற்சியில் இழுவை இல்லை

இரண்டும் ஒரே இடத்துக் கோளாறின் இரு முகம்: வெயிட்களும் ஸ்பிரிங்குகளும்.

அக்சிலேட்டரை விட்டபிறகும் 1500இல் தொங்கிவிட்டு மெல்ல இறங்கினால் மெல்லிய ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது கேமானது ஷாஃப்டின் மேல் ஒட்டுகிறது. வருஷக்கணக்காகக் காய்ந்த கிரீஸ் வார்னிஷ் ஆகியிருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, எமரி போடாமல் துணியால் மட்டும் நீவி, ஒயில் விட்டுப் பூட்டுங்கள்.

வெயிட் விரியவே இல்லை என்றால் அட்வான்ஸ் ஐட்லிங் அளவிலேயே நிற்கும். கார் 3000க்குமேல் சோம்பும், எக்ஸோஸ்ட் மனிஃபோல்ட் சிவக்கச் சூடேறும். 4500க்குமேல் மட்டும் தடுமாறினால் பொயின்ட் ஸ்பிரிங்கைச் சந்தேகியுங்கள். 510 முதல் 680 கிராம் வரை இழுவை வேண்டும். தளர்ந்தால் பொயின்ட் மூடாமல் மிதக்கும்.

தடித்த ஸ்பிரிங்கின் வளையம் தூணில் தளர்வாக நிற்பதைப் பார்த்து, பழுதாகிவிட்டதென்று இறுக்கமானதைப் போடுபவர்கள் உண்டு. அந்தத் தளர்வு வேண்டுமென்றே வைத்தது. முதலில் மெல்லிய ஸ்பிரிங் மட்டும் எதிர்க்கும், அட்வான்ஸ் வேகமாக ஏறும். தளர்வு தீர்ந்தபிறகு தடித்ததும் சேர, ஏற்றம் மெதுவாகும்.

கேமின் அடித் தட்டில் ஒரு எண் பதித்திருக்கும். அது வெயிட் தரும் உச்ச அட்வான்ஸ், டிஸ்ட்ரிபியூட்டர் பாகையில். கிராங்க் பாகைக்கு இரண்டால் பெருக்க வேண்டும். 10 என்று இருந்தால் கிராங்கில் 20. நிலை டைமிங் (எஞ்சின் நிற்கும்போது வைப்பது) 10 பாகையோடு சேர்ந்து மொத்தம் 30. அதே எஞ்சினில் 15 பதித்த கேமைப் போட்டு, நிலை டைமிங்கை 10இலேயே வைத்தால் மொத்தம் 40. ஐட்லிங்கில் ஒரு குறையும் தெரியாது. தெற்கு அதிவேகப் பாதையில் கொஞ்ச நேரம் மிதித்துப் போனால் பிஸ்டன் தலை உருகும். பழைய பாகக் கடையில் வாங்கிய டிஸ்ட்ரிபியூட்டரின் உடலில் பதித்த எண்ணைப் பார்க்காமல் பூட்டக் கூடாது என்பது இதனால்தான். ஆரம்ப கால எம்ஜிபிக்கு 40897, கூப்பர் எஸ்ஸுக்கு 40819. வெளியே அச்சு அசல் ஒன்று போல இருக்கும் இன்னொன்று மைனருடையதாக இருக்கலாம்.

வாக்கியூம் யூனிட்டிலும் 5-13-10 என்ற மாதிரி எண் இருக்கும்: 5 அங்குலப் பாதரச வெற்றிடத்தில் அசையத் தொடங்கி, 13இல் உச்சம், அந்த உச்சம் 10 டிஸ்ட்ரிபியூட்டர் பாகை. பைப்பை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பாருங்கள். தட்டு அசைந்து அங்கேயே நிற்க வேண்டும். திரும்பி வந்தால் உள்ளே டயஃபிரம் கிழிந்திருக்கிறது. இழுவை குறையாது, ஆனால் மெல்ல ஓட்டும்போது பெற்றோல் கூடுதலாகக் குடிக்கும்.

ஏற்றத்தில் நொக்கிங் (எஞ்சினுள் தட்டும் சத்தம்)

இலங்கையில் வழக்கமாக விற்கும் பெற்றோல் ஒக்டேன் 92, 95. எம்ஜிபியின் அமுக்க விகிதம் 8.8:1, கூப்பர் எஸ்ஸில் அதற்கும் மேல். 92 போட்டுக்கொண்டு டைமிங்கைக் குறை சொல்ல வேண்டாம். முதலில் 95க்கு மாறுங்கள்.

பிறகு எப்போது தட்டுகிறது என்று கேளுங்கள். கொழும்பு சமதரையில் இது தெளிவாக வராது. கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏற்றம் நல்ல சோதனைக்களம். முழு மிதியில் 2000 முதல் 3000 வரை மட்டும் தட்டி, மேலே போனதும் நின்றால் ஸ்பிரிங் தளர்ந்து அட்வான்ஸ் சீக்கிரம் ஏறுகிறது. கீழிருந்து மேல் வரை தட்டினால் மொத்த அட்வான்ஸ் கூட. சமதரையில் மெல்லிய மிதியில் மட்டும் தட்டினால் வாக்கியூம் யூனிட் பொருந்தாதது. மூன்றுக்கும் மருந்து வேறு. மூன்றுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பின்னுக்குத் திருப்பினால் சத்தம் நிற்கும், கூடவே இழுவையும் போகும்.

மொத்த அட்வான்ஸ்தான் கூட என்று தெரிந்தால் 2 பாகை குறையுங்கள். 25டி4இன் நுண் நட்டில் 55 கிளிக் 5 பாகை. ஆகவே ஆர் எழுத்துப் பக்கம் 22 கிளிக். வீதியோரத்தில் நின்றே செய்யலாம்.

டைமிங் வைப்பது

எல்லாம் திருந்தியபிறகு இது சுருக்கமான வேலை. முதலில் பொயின்ட் 15 தௌ, அதாவது 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள், டுவெல் 60 பாகை, 3 கூடக் குறைய. பொயின்ட்டைத்தான் முதலில் வைக்க வேண்டும். டுவெல் 1 பாகை மாறினால் டைமிங்கும் கிராங்கில் 1 பாகை மாறும். டைமிங் வைத்துவிட்டுப் பொயின்ட்டைத் தொட்டால் வேலை வீண்.

எம்ஜிபியில் குறி கிராங்க் புல்லியில் (கிராங்கின் முன் சக்கரத்தில்). மினியில் கிளச் கவரின் மேலுள்ள சிறு மூடியைக் கழற்றிக் கண்ணாடி பிடித்து ஃபிளைவீலில் பார்க்க வேண்டும். ரப்பர் ஒட்டிய புல்லியில் வெளி வளையம் நழுவியிருக்கலாம். முதலாம் பிளக் துளையில் பிஸ்டன் முட்டும்படி ஒரு தடுப்பைப் பூட்டி, எஞ்சினை இரு பக்கமும் கையால் மெதுவாகச் சுற்றி முட்டும் இடங்களைக் குறித்தால் அவற்றின் நடுதான் உண்மையான டிடிசி (பிஸ்டன் உச்சத்தில் நிற்கும் இடம்).

பல்பின் ஒரு வயரை டிஸ்ட்ரிபியூட்டர் எல்டி முனையிலும் மற்றதை எர்த்திலும் மாட்டி இக்னிஷன் போடுங்கள். எஞ்சினை ஓடும் திசையிலேயே மெல்லச் சுற்றி, எம்ஜிபிக்கு டிடிசிக்கு முன் 10 பாகையிலும், 1275 கூப்பர் எஸ்ஸுக்கு 2 பாகையிலும் நிறுத்துங்கள். குறி தாண்டினால் அப்படியே பின்னுக்கு இழுக்காதீர்கள்; நன்றாகப் பின்னால் போய்த் திரும்ப வாருங்கள், இல்லாவிட்டால் கியர் தளர்வு கணக்கில் சேரும். டிஸ்ட்ரிபியூட்டரை முதலில் ரோட்டர் சுற்றும் பக்கம் திருப்பி பல்பை அணையவிட்டு, பிறகு கடிகாரத் திசையில் மெல்லத் திருப்புங்கள். பல்ப் எரியும் அந்தக் கணமே பொயின்ட் திறக்கும் இடம். கடிகாரத் திசை அட்வான்ஸ், எதிர்த்திசை ரிட்டார்ட்.

ஸ்ட்ரோப்பில் பார்க்கும்போது வாக்கியூம் பைப்பைக் கழற்றி அடையுங்கள். 600 சுழற்சியில் எம்ஜிபிக்கு 14 பாகை, கூப்பர் எஸ்ஸுக்கு 4. அதோடு நிற்காமல் 4000க்கு ஏற்றி மொத்தத்தையும் பாருங்கள். எஞ்சினின் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டை மாற்றியிருந்தால் அது 600இல் நிற்காது. அதற்கு மொத்த அளவுதான் ஒரே வழி. 95 பெற்றோலில் 30 பாகையில் தொடங்கி, நொக்கிங் இல்லையென்றால் 32 வரை போகலாம்.

சில நூறு கிலோமீட்டரில் டைமிங் பின்வாங்குகிறது

கேமில் உரசும் பொயின்ட்டின் குதி புதுசில் சற்றுத் தேய்ந்து படியும். இடைவெளி குறையும், பொயின்ட் பிந்தித் திறக்கும், டைமிங் ரிட்டார்ட் ஆகும். புதுப் பொயின்ட் போட்டு 500 கி.மீ.யில் ஒரு தரம் டுவெல் பாருங்கள். அதற்குப் பிறகும் தேய்ந்துகொண்டே போனால் கேம் வறண்டிருக்கிறது, அல்லது அதில் துருப்புள்ளி இருக்கிறது. கேமில் கிரீஸ் ஈரம் தெரியும் அளவுக்கு மட்டும்; கூடினால் சிதறிப் பொயின்ட்டில் விழும். ரோட்டரைக் கழற்றினால் தெரியும் ஸ்குரூவின் தலையில் இரண்டு மூன்று சொட்டு எஞ்சின் ஒயில் விடுங்கள். ஸ்குரூவைத் தளர்த்தத் தேவையில்லை, பக்க இடைவெளியால் உள்ளே இறங்கும். பொயின்ட்டின் அச்சுக்கு ஒரு சொட்டு. பேஸ் பிளேட் துளையூடாக வெயிட்களுக்கு இரண்டு சொட்டு. 5000 கி.மீ.க்கு ஒரு தரம் இவ்வளவும் செய்தால் போதும்.